இன்டர்நெட்டை முடித்துவிட்டு வந்தவர்

நல்லபெருமாள் பொய் சொல்கிறார் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு நல்லபெருமாளைத் தெரியாது என்று அர்த்தம். பொய் என்பது லீவு கேட்கவும், கல்யாண வீட்டுக்குப் போகாமல் தப்பிக்கவும் நாம் எல்லோரும் வைத்திருக்கிற சில்லறைச் சரக்கு. நல்லபெருமாள் மொத்த வியாபாரி. அவர் சொல்வதில் எங்காவது உண்மை இருந்தால், அது அவர் அசந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில், அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் நின்றபோது, அவர் நிஜமாகவே மாட்டிக்கொண்டார். போனை எடுக்கலாம் என்று சட்டைப் பைக்குள் கைவிட்டால் ரப்பர் பேண்டு தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் டி.வி. ரிமோட். வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் இரண்டு ரப்பர் பேண்டு. போன் வீட்டில் டி.வி. ஸ்டாண்டு மேல் கிடக்கிறது. அவசரத்தில் கை மாறிவிட்டது. திரும்பிப் போகலாம் என்றால் திருநெல்வேலி பாசஞ்சர் பிளாட்பாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

போன் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். முழுகிவிடும். திங்கட்கிழமை என்றால் அந்தப் பெட்டியில் ஜன்னல் சீட்டுக்குப் போட்டி.

விஷயம் இதுதான். அந்த ரயிலில் தினமும் போய்வருகிற கூட்டாளிகள் நாலு பேர். பாவூர்சத்திரத்தில் ஏறுகிற ஆவுடையப்பன் திருநெல்வேலியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். சீட்டுப் பிடிப்பது அவர் பொறுப்பு. மற்றவர்கள் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். ஆவுடையப்பனுக்குத் துண்டு தேவையில்லை, உட்கார்ந்தாலே போதும். கல்லிடைக்குறிச்சியில் ஏறுகிற பீர்முகம்மதுவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எதையும் உற்றுப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். வீரவநல்லூரில் ஏறுகிற ஜெபக்கனி ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பெண். கூட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நாலாவது நம் நல்லபெருமாள்.

வாரம் முழுக்க போனில் கண்டெடுத்த வேடிக்கைகளில் சிறந்ததை ஆளுக்கு ஒன்று திங்கட்கிழமை காட்ட வேண்டும். வழியில் டவர் வரும், போகும். அதனால் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஏற்கெனவே வந்தது செல்லாது. வாயால் சொல்வது செல்லாது, கண்ணால் காட்ட வேண்டும். நடுவர் ஆவுடையப்பன். அவர் சும்மா புன்னகைத்தால் மார்க் கிடையாது. அவர் சிரித்து, அந்தச் சிரிப்பில் பெஞ்சு ஆட வேண்டும். யாருடைய சரக்குக்குப் பெஞ்சு அதிகம் ஆடுகிறதோ அவருக்கு அந்த நிமிஷத்திலிருந்து அடுத்த திங்கள் வரை எஞ்சினைப் பார்த்த ஜன்னல் சீட்டு. எதிரேயும் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே காற்று முகத்தில் அடிக்காது. போன ஊரைப் பார்க்கலாமே தவிர வருகிற ஊரைப் பார்க்க முடியாது. அதை யாரும் ஜன்னல் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

நல்லபெருமாளுக்கு ஆபீசில் ரிக்கார்டு ரூம் வேலை. இருபத்திரண்டு வருஷம். அந்த அறைக்கு ஒரு கதவு, ஒரு டியூப்லைட்டு, ஆயிரக்கணக்கில் கட்டுகள். ஜன்னல் மட்டும் கிடையாது. காலையில் அந்த ஒரு மணி நேரம் முகத்தில் அடிக்கிற காற்றுதான் அவர் நாள் முழுக்க வைத்துச் செலவழிக்கிற காற்று. அதற்காக அவர் எதையும் சொல்வார், சொல்லியும் இருக்கிறார். ஏழு மாதமாக ஜன்னல் அவரிடம்தான் இருந்தது. ஜெபக்கனி வந்த பிறகு இரண்டு முறை மயிரிழையில் தப்பியிருந்தார்.

இந்த வாரத்துக்கு அவர் வைத்திருந்ததும் லேசான சரக்கு இல்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டு, அந்தக் கொட்டாவியைப் பார்த்து மறுபடி கொட்டாவி விட்டு, நிறுத்த வழி தெரியாமல் தவிக்கிற ஒரு குரங்கு. அந்தக் குரங்கு இப்போது டி.வி. ஸ்டாண்டு மேல் யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். நினைக்க நினைக்க அவருக்கு அழுகையே வந்தது.

வீரவநல்லூரில் ஜெபக்கனி ஏறியதும் போட்டி தொடங்கியது. பீர்முகம்மது முதலில் ஒரு போட்டோவைக் காட்டினார். ஏதோ ஊர்ச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர். மீறினால் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கப்படும்.’

"போன தீவாளிக்கே வந்துட்டுவே இது. ஊசிப்போச்சு" என்றார் ஆவுடையப்பன். பெஞ்சு அசையவில்லை.

அடுத்து ஜெபக்கனி. ஏதோ ஒரு ஊரில் ஏ.டி.எம். வாசல். ஆள் வந்து கதவைத் திறக்கிறார். அவர் காலுக்கு நடுவே ஒரு கோழி உள்ளே போகிறது. ஏ.சி. காற்றில் கண்ணை மூடி உட்கார்கிறது. வந்தவர்கள் பணம் எடுத்துப் போகிறார்கள், கோழி நகரவில்லை. கடைசியில் எழுந்து, ஒரு முட்டையை வைத்துவிட்டு, அடுத்த ஆள் கதவைத் திறக்கிறபோது வெளியே போகிறது. வாட்ச்மேன் முட்டையை எடுத்து மேலும் கீழும் பார்க்கிறார். பிறகு ரசீது வந்திருக்கிறதா என்று மெஷினைப் பார்க்கிறார்.

ஆவுடையப்பன் சிரித்தார். பெஞ்சு ஆடியது. மேல் பலகையில் இருந்த யாருடைய சாப்பாட்டுப் பையோ நாலு விரல்கடை நகர்ந்தது.

"தங்கச்சி, இது சரக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லபெருமாள் பக்கம் திரும்பினார். "ம், நீரு எடும்."

நல்லபெருமாள் காற்றை ஒருமுறை ஆழமாக இழுத்துக்கொண்டார். கடைசி மூச்சு என்றே அவருக்குத் தோன்றியது.

"நான் காட்ட முடியாதுவே. என் சரக்கைத் தூக்கிட்டு வர முடியல."

"ஏன்?"

"கனம். நேத்து ஒரு வீடியோவை இறக்குனேன். இறக்கி முடிஞ்சதும் போனைத் தூக்குதேன், வரல. எங்க வீட்ல ஒரு பக்கம் பிடிக்கா, நான் ஒரு பக்கம் பிடிக்கேன், அசையல. கடைசில எதுத்த வீட்டு லோடுமேன் ரெண்டு பேர் வந்து டி.வி. ஸ்டாண்டு மேல ஏத்தி வச்சுட்டுப் போனாங்க. இப்பவும் அங்கதான் கெடக்கு. வேணும்னா வந்து பாரும்."

அங்கேதான் கிடக்கிறது என்பது சத்தியமான உண்மை என்பதில் அவருக்கே ஒரு சின்னத் திருப்தி ஏற்பட்டது.

"வாயால சொல்லுதது செல்லாது" என்றார் பீர்முகம்மது.

"சொல்லட்டும்வே, பேட்டை ஸ்டேஷன் வர வரைக்கும் பொழுது போகணும்லா? பெஞ்சு ஆடுனா பாப்போம்" என்று ஆவுடையப்பன் தீர்ப்பை ஒத்திவைத்தார்.

அது போதும் நல்லபெருமாளுக்கு. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அந்த வீடியோவை இறக்கும்போது ஊர்ல ஒருத்தன் போன்லயும் சிக்னல் இல்ல. பின்ன? அம்புட்டும் எங்க வீட்டுக்குல்லா வந்துட்டு இருக்கு. கடைசில தாங்க முடியாம டவரே எங்க வீட்டுப் பக்கமா சாஞ்சிட்டு. இப்ப எங்க வீட்ல அதுல கொடி கட்டித் துணி காயப்போடுதா."

"வீடியோல என்ன அண்ணாச்சி இருந்துச்சு?" என்று ஜெபக்கனி கேட்டாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. கண்ணில்தான் ஏதோ இருந்தது.

"அத நான் முழுசா சொன்னா இந்த ரயில் திருநெல்வேலி போய்ச் சேராது. டிரைவர் எஞ்சினை விட்டுட்டுச் சிரிக்க வந்திருவாரு. எங்க வீட்ல பாத்துட்டுச் சிரிச்சா. சத்தம் கேட்டுப் பால்காரர் எட்டிப் பாத்தாரு, அவரும் சிரிச்சாரு. அவரு எருமையும் ஜன்னல் வழியா பாத்துருக்குவே. பாத்துட்டு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிச்சதுல, சாயங்காலம் கறந்தா பாலா வருது? மோரு. பானை மேல வெண்ணெய் மிதக்கு."

ஆவுடையப்பன் முகம் சுருங்கி விரிந்தது. பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது. நல்லபெருமாளுக்கு அந்தச் சத்தம் நாதஸ்வரம்.

"எருமை எதுல பாத்துச்சு, உம்ம போன்லயா, அது போன்லயா?" என்று பீர்முகம்மது குறுக்கே விழுந்தார்.

"நீரு கண்ணாடியைத் தொடச்சுட்டுக் கேளும்வே. நான் அத துபாய்ல இருக்க என் மச்சினனுக்கு ஒரு தட்டு தட்டுனேன். அவன் ஜெர்மனிக்குத் தட்டுனான். ஜெர்மனிக்காரன் ஜப்பானுக்கு. உலகம் பூரா சுத்தி ஒண்ணே கால் மணி நேரத்துல என் போனுக்கே திரும்பி வந்துட்டு. யாரு அனுப்புனதுங்கிய? எங்க வீட்ல! அடுப்படில இருந்து. ‘இதப் பாத்தியளா, ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாது’ன்னு எழுதி அனுப்புதா."

இந்த இடத்தில் பீர்முகம்மதுவே மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அவர் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது. நல்லபெருமாள் விடவில்லை. சேரன்மகாதேவி வந்து போய்விட்டது. அடுத்து நிற்பது பேட்டைதான். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

"அப்பத்தான் எனக்கு ஒரு ரோசம் வந்துச்சு. இதெல்லாம் எங்க இருந்துதான் வருது, பாத்துருவோமேன்னு கட்ட விரலை வச்சுத் தள்ள ஆரம்பிச்சேன். தள்ளுதேன், தள்ளுதேன். முதல்ல பூனை. பூனையே ஒம்பது கிலோமீட்டர் இருக்குவே! அதைத் தாண்டுனா சமையல். ஒரே தாளிப்பு வாசனை. நான் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனேன். அப்புறம் குட்மார்னிங் ரோசாப்பூ. இடுப்பளவு கெடக்கு, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுல்லா நடக்கணும். கட்ட விரல் சூடாகிப் புகையுது. எங்க வீட்ல பக்கத்துல நின்னு வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டே இருக்கா."

"பெறகு?"

"பெறகு ஒண்ணுமில்ல. பொட்டல். ஒரு வீடியோ கெடையாது, ஒரு போட்டோ கெடையாது. தூரத்துல ஒரு காம்பவுண்டு சுவரு. அவ்வளவுதாம்வே, இன்டர்நெட்டு முடிஞ்சு போச்சு. சுவருக்கு முன்னால பிளாஸ்டிக் சேர் போட்டு ஒரு வாட்ச்மேன் உக்காந்துருக்காரு. ‘எந்த ஊரு?’ன்னாரு. ‘அம்பை’ன்னேன். ‘அம்பையில எந்தத் தெரு?’ன்னாரு. பாத்தா, நம்ம முக்கூடல்காரரு!"

"அங்கேயுமா!" என்றார் ஆவுடையப்பன், தன்னை மறந்து. முக்கூடல் அவருடைய சம்பந்தி ஊர்.

"ஆமா. ‘இத்தனை வருசத்துல இங்க வந்து சேந்த மொத ஆளு நீருதாம்’னு கையெழுத்து வாங்குனாரு. அப்புறம் சுவத்துல ஒரு ஓட்டையைக் காட்டி, ‘இதையும் பாத்துருங்க, பாக்கி ஒண்ணுமில்ல’ன்னாரு. குனிஞ்சு பாக்கேன், நம்ம ரயிலு! இந்த வாழைத்தோப்பு, அந்தக் குளம், வழியில நிக்க ஒவ்வொரு பனைமரம், அம்புட்டும் வரிசையாத் தெரியுது. உம்ம வழுக்கை கூடத் தெரிஞ்சுதுவே. உலகத்துல நான் பாக்காதது இனிமே ஒரு துண்டு கெடையாது. எல்லாத்தையும் பாத்து முடிச்சாச்சு!"

பீர்முகம்மது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நல்லபெருமாளின் நெஞ்சையே உற்றுப் பார்த்தார்.

"போன் வீட்ல கெடக்குன்னீரு. பையில துருத்திக்கிட்டு நிக்கது என்ன வே?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டி உருவியும் விட்டார். பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டுமாக ரிமோட் நாலு பேருக்கும் நடுவில் வந்துவிட்டது.

நல்லபெருமாள் ஒரு நிமிஷம் ரிமோட்டையே பார்த்தார். அரை நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அவர் தாமதித்ததாகச் சரித்திரம் இல்லை.

"மெதுவா பிடியும்வே! அதுதான் பரிசு. வாட்ச்மேன் கொடுத்தாரு. ‘இவ்வளவு தூரம் வந்துட்டிய, வெறுங்கையோட அனுப்பக் கூடாது’ன்னு. டி.வி.க்கு உள்ளதுன்னு நெனைச்சிராதேயும். எதை நிறுத்தணுமோ அதைக் காட்டி அமுக்குனா நிக்கும்."

"அப்ப இந்த ரயிலை நிறுத்துங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபக்கனி.

நல்லபெருமாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். செங்கல் சூளை தாண்டிவிட்டது. அடுத்து சுவரில் டயர் விளம்பரம் எழுதிய பம்புசெட் அறை. அதைத் தாண்டி, தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு சிக்னல். இருபத்திரண்டு வருஷத்தில் எதிர் வண்டிக்காக இந்த ரயில் அங்கே நிற்காமல் போன நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாதாரணமாக நாலு நிமிஷம் நிற்கும். மற்ற மூன்று பேரும் அந்த நேரத்தில் போனில் தலையைக் கவிழ்த்திருப்பவர்கள். ஜன்னல்காரருக்கு மட்டும்தான் சிக்னல் தெரியும்.

"ஓடுத ரயிலை நிறுத்துதது பாவம்லாம்மா" என்று பிகு செய்தார். ரப்பர் பேண்டை மெல்லச் சரிசெய்தார். ரிமோட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பம்புசெட் அறை போனது. "சரி, ஒனக்காக" என்று எஞ்சின் பக்கம் நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினார்.

பிரேக் முனகியது. ரயில் நின்றது.

பீர்முகம்மதுவின் வாய் திறந்தபடி இருந்தது. ஆவுடையப்பன் நல்லபெருமாளையும் ரிமோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்சு ஆடியது. கோழிக்கு ஆடியதை விட அதிகம் ஆடியது. மேல் பலகையிலிருந்து சாப்பாட்டுப் பை கீழேயே விழுந்துவிட்டது.

"அடப்பாவி மனுசா! இந்த வாரமும்..." என்று ஆவுடையப்பன் தீர்ப்புக்குக் கையைத் தூக்கினார். நல்லபெருமாள் ஜன்னல் கம்பியை வாஞ்சையோடு பிடித்துக்கொண்டார்.

"இருங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபக்கனி. "நிறுத்திட்டாவ. இப்பக் கிளப்பச் சொல்லுங்க."

"அதுக்கென்ன, கிளப்பிட்டாப் போச்சு. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும், நம்மள இழுத்துக்கிட்டு ஓடியாந்த வண்டி" என்றார் நல்லபெருமாள். மனசுக்குள் நாலு நிமிஷத்தை எண்ணினார். எண்ணி முடித்து அமுக்கினார். ரயில் அசையவில்லை. இன்னொரு பொத்தானை அமுக்கினார். வரிசையாக எல்லாவற்றையும் அமுக்கினார். பத்து நிமிஷம் ஆயிற்று. எதிர் வண்டிக்கு அன்றைக்கென்று என்ன வந்ததோ, தலையைக் காட்டவில்லை.

"பேட்டரி வீக்கு" என்று ரிமோட்டைத் திருப்பி முதுகில் நாலு தட்டுத் தட்டினார்.

இருபது நிமிஷம் ஆனபோது பக்கத்து அடைப்பிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "நிறுத்துனது இவருதானா?" என்று கேட்டார். செய்தி அதற்குள் பெட்டி முழுக்கப் போயிருந்தது. "கிளப்பத் தெரியாதவரு என்னத்துக்கு சார் நிறுத்துனீரு? எனக்கு அரை நாள் லீவு போச்சு" என்று இன்னொருவர் சத்தம் போட்டார். கடைசியிலிருந்து ஒரு அம்மாள், "பாத்தா படிச்சவரு மாதிரி இருக்காரு" என்றாள். நான் நிறுத்தவில்லை என்று சொல்ல நல்லபெருமாள் வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். அதைச் சொன்னால் ஜன்னல் போய்விடும்.

ஆவுடையப்பனுக்குக் கடை திறக்க நேரமாகியிருந்தது. சிரிப்பு எப்போதோ அடங்கிவிட்டது. "என்ன தங்கச்சி, நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

ஜெபக்கனி அவசரப்படவில்லை. வாட்டர் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"அண்ணாச்சி சொன்னது அம்புட்டையும் நான் நம்புதேன். டவரு சாஞ்சது, எருமை சிரிச்சது, எல்லாம். இன்டர்நெட்டையே முடிச்சுட்டு வந்திருக்காவ. இந்த வழியில நிக்க பனைமரம் வரைக்கும் ஒண்ணு விடாமப் பாத்தாச்சுன்னு அவ்வோளே சொன்னாவ." ஜன்னலைக் காட்டினாள். "இனிமே அதுல பாக்கதுக்கு அண்ணாச்சிக்கு என்ன பாக்கி இருக்கு? நாங்கதான் ஒண்ணும் பாக்காதவங்க."

பீர்முகம்மது முதல் முறையாக ஒரு வார்த்தையை உற்றுப் பார்க்காமல் ஒத்துக்கொண்டார். "நியாயம்."

"நியாயம்" என்றார் ஆவுடையப்பனும். "எந்திரியும்வே."

நல்லபெருமாளிடம் நூறு புளுகு கைவசம் இருந்தது. ஆனால் எதைச் சொன்னாலும் இதுவரை சொன்னது பொய் என்றாகிவிடும். அப்படி ஒரு அவமானத்தை அவர் தாங்க மாட்டார். கம்பியிலிருந்து கையை ஒவ்வொரு விரலாக எடுத்தார். எழுந்து, எதிர்ப்பக்கம் அவள் இருந்த இடத்தில், போன ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ரிக்கார்டு ரூம் இன்றைக்குச் சேரன்மகாதேவி தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டதாக அவருக்கு இருந்தது.

ஜெபக்கனி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அவள் முதுகு பலகையில் பட்டதுதான் தாமதம், எதிர் வண்டி தடதடவென்று கடந்து போனது. ஒரு குலுக்கலோடு ரயில் கிளம்பியது. பெட்டி முழுக்க "ஓ!" என்று சத்தம். ஆவுடையப்பன் சிரித்த சிரிப்பில் பெஞ்சின் ஆணியே கழன்றுவிடும் போலிருந்தது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஜெபக்கனி நல்லபெருமாள் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்த ரிமோட்டை இங்க குடுங்க அண்ணாச்சி. பேட்டையில நிக்கணும்லா?"